இந்த டிசம்பரில் இங்கேயே இருங்கள்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

நவம்பர் பிறந்துவிட்டால் நெதர்லாந்தில் இருக்கும் நம்மவர்களிடையே ஒரே பேச்சுதான்: "டிக்கெட் போட்டாச்சா? எங்கே போறீங்க?" ஊரில் காத்திருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்கப் போகிறவர்கள் மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். நான் பேச வந்தது மற்றவர்களிடம். "இந்தச் சின்ன ஊரில் கிறிஸ்துமஸுக்கு என்ன இருக்கு? நாலரை மணிக்கே இருட்டிடும், கடையெல்லாம் பூட்டிடுவாங்க, தெருவில் ஈ காக்கை இருக்காது" என்று அலுத்துக்கொண்டு, எங்காவது ஒரு பெருநகரத்துக்குக் கிளம்பிவிடுகிறீர்களே, உங்களிடம்தான்.

நான் குடியிருப்பது கௌடாவில். பாலாடைக்கட்டியால் உலகமே அறிந்த பெயர். ஆனால் ரோட்டர்டாமுக்கும் உட்ரெக்டுக்கும் நடுவே, சுமார் 75,000 பேர் வாழும் சிறிய நகரம்தான். டிசம்பர் 21 வாக்கில் இங்கே சூரியன் எழும்போது மணி எட்டே முக்கால் ஆகிவிடும். மாலை நாலரைக்கு அஸ்தமனம். அந்தக் கொஞ்ச நேரப் பகலிலும் பெரும்பாலும் மேகமும் தூறலும்தான். வாழ்த்து அட்டையில் பார்க்கிற பனியை எதிர்பார்த்து வராதீர்கள். கிறிஸ்துமஸ் நாட்கள் இரண்டிலும் தரை வெளுத்துக் கிடந்த ஆண்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டிசம்பர் 5 மாலை வரை இந்த நாடு, குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் வெண்தாடித் தாத்தா சின்டர்கிளாஸின் கையில் இருக்கும். குழந்தைகளுக்குப் பரிசு, சாக்லேட்டில் வார்த்த பெயரெழுத்து, ஒருவரை ஒருவர் சீண்டி எழுதும் பாட்டு எல்லாம் அந்த இரவோடு முடிந்துவிடும். அவர் கிளம்பிய பிறகுதான் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரமே உள்ளே வரும். பரிசுக் கூத்து முன்பே ஓய்ந்துவிடுவதால், டிசம்பரின் பிற்பாதிக்கு வேறொரு குணம் வந்துவிடுகிறது. இங்கே பல வீடுகளில் திரைச்சீலையை இழுத்து மூடுவதில்லை. மாலையில் வாய்க்கால் ஓரமாக நடந்தால் சன்னலுக்குச் சன்னல் ஒரு காகித நட்சத்திரமோ சின்ன விளக்கு வரிசையோ தெரியும். கார்த்திகைக்கு நாம் வாசலில் வைக்கும் அகலைப் போலத்தான். அது வீட்டுக்காரருக்காக மட்டும் எரிவதில்லை, தெருவில் போகிறவருக்காகவும் எரிகிறது.

கௌடாவுக்கு மெழுகுவர்த்தியோடு பழைய உறவு உண்டு. 1858இல் இங்கே தொடங்கிய மெழுகுவர்த்தித் தொழிற்சாலை பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. டிசம்பர் நடுவில் ஒரு மாலை, சந்தைத் திடலில் மெழுகுவர்த்தி விழா நடக்கும். திடலின் நடுவே தனியாக நிற்கிறது 1450 வாக்கில் கட்டி முடித்த கல் நகரமன்றம். அன்று அதன் சன்னல்களில் மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, சுற்றிலும் மின்விளக்கை அணைத்துவிடுவார்கள். நார்வேயின் கோங்ஸ்பெர்க் நகரம் 1956 முதல் நட்பின் அடையாளமாக அனுப்பிவரும் பெரிய மரம் ஒளிரும். கூட்டம் சேர்ந்து பாடும். மெழுகு வாசனையும் ஈரக் கம்பளிக் கோட்டின் வாசனையும் கலந்து வரும். எனக்கு டச்சு ஒழுங்காக வராத காலத்திலேயே பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் தன் பாட்டுத்தாளை நானும் பார்த்துப் பாடும்படி சாய்த்துப் பிடித்தார். அந்த ஊர் என்னைச் சேர்த்துக்கொண்டது அப்போதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அந்த ஒரு மாலைக்கு மட்டும் வந்துவிட்டு ரயிலேறுகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். மீதி, கூட்டம் கலைந்த பிறகு இருக்கிறது. ஒரு பகல் பொழுதில் சின்ட் யான் தேவாலயத்துக்குள் போய் உட்காருங்கள். 123 மீட்டர் நீளம். இந்த நாட்டிலேயே நீளமான தேவாலயம் அதுதான். 1552இல் இடி விழுந்து எரிந்தது. மீண்டும் எழுப்பியபோது 1555 தொடங்கி டிர்க் கிராபெத், வௌட்டர் கிராபெத் என்ற சகோதரர்கள் அதற்கு வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் செய்தார்கள். ஒரு சன்னல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் கொடுத்தது. இன்னொன்று ஆரஞ்சு இளவரசர் வில்லியம் கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே இந்த இருவரும், ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து டச்சுக்காரர்கள் நடத்திய எண்பது ஆண்டுப் போரின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். 1566இல் நாடெங்கும் தேவாலயச் சிலைகளை உடைத்த வெறிக்கு இந்தக் கண்ணாடிகள் தப்பின. பிறகு தேவாலயம் புராட்டஸ்டண்டுகள் கைக்கு வந்தது. அவர்கள் கத்தோலிக்கக் கண்ணாடிகளைப் பெயர்த்தெறியாமல், மிச்சமிருந்த இடத்தில் தங்கள் சன்னல்களையும் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்தி, போர் முடிந்ததும் திரும்ப மாட்டினார்கள். குளிர்கால வெயில் தாழ்ந்து வருவதால், மேகம் விலகும் சில நிமிடங்களில் சிவப்பும் நீலமும் தரைக் கற்களில் நீளமாக விழும். ஒரு புத்தகத்தோடு போய்க் காத்திருங்கள். கிறிஸ்தவர், இந்து, இஸ்லாமியர் யாராக இருந்தாலும் சரி.

கிறிஸ்துமஸ் இங்கே இரண்டு நாள். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. 24ஆம் தேதி பிற்பகலுக்குள் பால், ரொட்டி எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பலர் வைப்பது குர்மெட்டன். மேசை நடுவே ஒரு மின் அடுப்பு, ஆளுக்கொரு கையகலச் சட்டி. அதில் இறைச்சியோ காளானோ முட்டையோ அவரவர் சுட்டுக்கொள்ளலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் தயங்க வேண்டாம். இதைவிட வசதியான விருந்து கிடையாது. சட்டி சின்னது என்பதால் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே பேசித்தான் ஆகவேண்டும். மூன்று மணி நேரம் போவதே தெரியாது. என் பக்கத்து வீட்டு அம்மாவின் மேசையில்தான், கடல் பொங்கி இந்த நாட்டின் தென்மேற்கை மூழ்கடித்த 1953 வெள்ளத்தைப் பற்றி அதைக் கண்ணால் பார்த்த ஒருவர் சொல்லக் கேட்டேன். வேறு எந்த நாளிலும் அவர் அதைப் பேசியதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த இரண்டு நாட்கள் தனியாக இருப்பவர்களுக்குக் கொடுமையானவை. நம் மாணவர்களுக்கு மட்டும் இல்லை, முதிய டச்சுக்காரர்களுக்கும்தான். இங்கே யாரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். அது அன்பில்லாததால் இல்லை, பழக்கம் அப்படி. அதனால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் போய், "26ஆம் தேதி மதியம் காபிக்கு வருகிறீர்களா?" என்று கேளுங்கள். நாட்குறிப்பைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். வருகிறேன் என்றால் சொன்ன நிமிடத்துக்கு வந்து நிற்பார்கள். முறுக்கு சுட்டு வையுங்கள். அவர்கள் பாதாம் விழுது வைத்த கிறிஸ்துமஸ் ரொட்டி கொண்டுவந்தாலும் வரலாம்.

வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸுக்குத் தனியாக இருக்கப்போகிறவர்கள் ஊரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இடப்பக்கம் எழுதுங்கள். வீட்டு மேசையில் ஓர் இடம் மிச்சம் இருப்பவர்கள் வலப்பக்கம் எழுதுங்கள். சேர்த்துவைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்.