வந்தவர் வீட்டை மாற்றினாரா?

நண்பர்களுக்கு வணக்கம். இப்போது எந்த ஜாஸ் ஆல்பத்தை எடுத்தாலும் தலைமைக் கலைஞரின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் நாலைந்து பெயர்கள் நிற்கின்றன. இன்னார் பங்கேற்பில், இன்னார் குரலில் என்று. கியூபா, பிரேசில் தாளங்கள் கலந்த லத்தீன் ஜாஸ் என்றால் கேட்கவே வேண்டாம். பாதி விற்பனைக்காக. அதை நான் குறை சொல்லவில்லை, கலைஞர்களும் வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் கேட்கிறவர்கள் கையில் ஒரு கேள்வி இருந்தால் நல்லது: வெளியாள் வந்ததால் வீட்டுக்காரர் தன் வழக்கத்தில் எதையாவது மாற்றிக்கொண்டாரா? அந்தக் கேள்வியோடு சில பதிவுகளுக்குள் போகலாம்.

முதலில் 1947. டிஸி கில்லெஸ்பி நியூயார்க்கில் பெரிய இசைக்குழு நடத்திக்கொண்டிருந்தார். கியூபாத் தாளம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று பழைய நண்பர் மாரியோ பௌஸாவிடம் கேட்டார். இருவரும் கேப் காலவே குழுவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்பெட் வாசித்தவர்கள். பௌஸா கைகாட்டிய ஆள் சானோ போஸோ. ஹவானா திருவிழா ஊர்வலங்களில் ஆடி, பாடி, பாட்டுக் கட்டிப் பேர் வாங்கியவர். செப்டம்பர் 29 அன்று கார்னகி அரங்கில் கில்லெஸ்பியோடு மேடை ஏறினார். அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 30 அன்று, ‘மான்டேகா’ என்ற பாட்டு பதிவாகிவிட்டது.

போஸோவுக்கு இசைக்குறிப்பு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. ஆங்கிலமும் ஏறக்குறைய இல்லை. பாஸ் இப்படிப் போகணும், டிராம்போன் இப்படி, சாக்ஸபோன் இப்படி என்று ஒவ்வொன்றையும் வாயாலேயே பாடிக் காட்டினார். குழுவுக்கு இசை எழுதிக்கொடுத்த கில் ஃபுல்லர் அதை எழுத்தில் வடித்தார். மெட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். முதலில் கீழ்ச்சுரம் பிடிக்கும் பாஸும் கையால் தட்டும் காங்காவும், பிறகு சாக்ஸபோன்கள், அதன்மேல் பித்தளை வாத்தியங்கள். அப்படியே விட்டால் இது முழுக்க கியூபாப் பாட்டாகவே நின்றுவிடும் என்று கில்லெஸ்பிக்குத் தோன்றியிருக்கிறது. நடுவில் ஜாஸ்காரர்களுக்குப் பழக்கமான ஒரு பகுதியை எழுத உட்கார்ந்தார். எட்டு ஆவர்த்தத்தில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார். முடியவில்லை, பதினாறு வரை போய்த்தான் பழைய இடத்துக்குத் திரும்ப வழி கிடைத்தது. இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

கேட்டுப் பாருங்கள். (பதிவு ஒலிக்கிறது.)

அந்த நடுப்பகுதி வந்ததும் தாளத்தின் நடை மாறியது காதில் விழுந்ததா? அன்றைய ஜாஸ் நடையில் இரண்டு சுரத்தில் முன்னது நீளும், பின்னது குறுகும், ஒரு ஊஞ்சலாட்டம் இருக்கும். கியூபா நடையில் இரண்டும் சமம். இந்த இரண்டும் ஒரே பாட்டுக்குள் தோள் இடித்துக்கொள்கின்றன. டிரம்ஸ் வாசித்தவர் கென்னி கிளார்க், ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கும் முறையையே மாற்றிய ஆள். அவரே இங்கே கொஞ்சம் தயங்கித்தான் கால் வைக்கிறார் என்று எனக்குத் தோன்றும். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும். புதுசாக ஒன்று வீட்டுக்குள் நுழைகிற சத்தம் அது.

போஸோ அடுத்த டிசம்பரிலேயே ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. ஆனால் வந்த வேலை நின்றுவிடவில்லை. ‘மான்டேகா’வில் பாஸ் வாசித்த அல் மெக்கிபன் பின்னாளில் கால் ஜேடர் போன்றவர்களின் லத்தீன் ஜாஸ் குழுக்களுக்கே வேண்டப்பட்டவர் ஆனார்.

சரி, இதற்கு நேர் எதிர் ஒன்று. 1950 டிசம்பரில் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ், மச்சிட்டோவின் கியூபாக் குழுவோடு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைச் சேர்த்து, சிக்கோ ஓஃபாரில் எழுதிய ‘ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் சூட்’டைப் பதிவு செய்தார். பார்க்கர் அபாரம். எங்கே விட்டாலும் பறப்பார், அதுதான் விஷயமே. மச்சிட்டோ இல்லாமல் வேறு எந்தக் குழுவின் மேலும் அவர் அப்படியேதான் பறந்திருப்பார். குழுவும் தன் பாட்டுக்கு வாசிக்கிறது. கூடவே ஜாஸ் டிரம்ஸ்காரர் பட்டி ரிச் வேறு. காங்காவும் போங்கோவும் டிம்பாலேயும் ஏற்கெனவே நிறைந்திருக்கிற இடத்தில் இன்னொரு டிரம்ஸ் எதற்கு? கிரான்ஸுக்கு நட்சத்திரங்களை ஒன்றுசேர்ப்பதில் ஆசை அதிகம், அவ்வளவுதான்.

‘கெட்ஸ்/ஜில்பெர்டோ’வை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள், லிஃப்ட்டிலாவது. (சிரிப்பு.) 1963 மார்ச் 18, 19, நியூயார்க்கில் இரண்டே நாள் பதிவு. இதில் வீட்டுக்காரர் யார் என்பதே குழப்பம். அட்டையில் முதல் பெயர் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ். ஆனால் பெரும்பாலான பாட்டுகள் பியானோவில் உட்கார்ந்திருக்கும் ஜோபிமுடையவை, கிதாரும் பாட்டும் ஜோவாவ் ஜில்பெர்டோ, டிரம்ஸ் மில்டன் பனானா. எல்லாரும் பிரேசில்காரர்கள். என்னைக் கேட்டால், அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி கெட்ஸ்தான். ஜில்பெர்டோ காதோடு பேசுகிற மாதிரி பாடி நிறுத்துவார், அடுத்த நொடி கெட்ஸ் முழு மூச்சோடு உள்ளே வருவார். அழகான ஒலிதான், மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் குரலைத் தாழ்த்தியிருக்கலாம்.

ஆல்பத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் முன் அட்டையிலேயே இல்லை. ஆஸ்ட்ரூட், ஜில்பெர்டோவின் மனைவி, தொழில்முறைப் பாடகி அல்ல. ‘இபனேமா’ பாட்டின் ஆங்கில வரிகளைப் பாட ஆள் வேண்டும் என்றதும் பாடினார். 5 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டை வானொலிக்காக 3 நிமிடத்துக்குள் வெட்டியபோது, கணவர் போர்ச்சுகீஸில் பாடிய பகுதி போயிற்று, இவர் குரல் நின்றது. 1965இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. ஆஸ்ட்ரூடுக்கு அந்தப் பதிவுக்காகக் கிடைத்தது 120 டாலர் மட்டுமே என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆல்பத்துக்கு வருகிறேன். சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் ‘நேட்டிவ் டான்ஸர்’, 1974இல் பதிவானது. ஷார்ட்டர் அப்போது வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் உச்சத்தில் இருந்த நேரம். நினைத்திருந்தால் தன் பாட்டுகளை வரிசையாக வைத்து, இரண்டு இடத்தில் பிரேசில் பாடகர் மில்டன் நஸிமென்டோவைப் பாடச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் செய்ததைப் பாருங்கள். மொத்தம் 9 பாட்டு. அதில் 5 மில்டனுடையவை. ஷார்ட்டருக்கு 3, பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்குக்கு 1. மில்டனின் தோழர்களான வாக்னர் டிசோவும் ராபர்டினோ சில்வாவும்கூட வந்து வாசிக்கிறார்கள்.

முதல் பாட்டு ‘போன்டா டி ஆரியா’. பிரேசிலின் பஹியா, மினாஸ் மாநிலங்களை இணைத்த ரயில் பாதையின் கடலோரக் கடைசி ஊர் அது. 1960களில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். ரயில் போன பிறகு ஊர் என்ன ஆகும், அதைத்தான் மில்டனும் பாடலாசிரியர் ஃபெர்னான்டோ பிரான்டும் பாட்டாக்கினார்கள். எண்ணிக்கை ஒன்பது, நம் கணக்கில் சங்கீர்ணம். ஆனால் எண்ணிப் பார்த்தால்தான் ஒன்பது என்று தெரியும், அவ்வளவு இயல்பாக ஓடும். ஆல்பத்தைத் தொடங்குவது மில்டனின் உச்சக் குரல். அட்டையில் பெரிதாகப் பெயர் போட்டவரின் சாக்ஸபோன் பிறகுதான் வந்து சேர்கிறது. நம் சபாக்களில் பக்கவாத்தியக்காரரைக் கச்சேரி தொடங்கச் சொல்லும் பாடகரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? மூன்று ஆண்டு கழித்து எர்த், விண்ட் அண்ட் ஃபயர் என்ற அமெரிக்கக் குழுவினர் இந்த மெட்டை எடுத்துத் தங்கள் ஆல்பத்தில் வைத்தார்கள்.

ஹான்காக் 2007இல் பாடகி ஜோனி மிட்செலின் பாட்டுகளை வைத்துச் செய்த ‘ரிவர்’ ஆல்பத்திலும் குரல் வரும் பாட்டுக்கு ஒரு விருந்தாளி. கெட்ஸுக்கு 43 ஆண்டு கழித்து அதே கிராமியை வாங்கிய ஜாஸ் ஆல்பம். நோரா ஜோன்ஸ், டினா டர்னர் எல்லாம் உண்டு. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போடுவது கடைசிப் பாட்டைத்தான். அதில் பாடகர் லெனர்ட் கோஹன் பாடவில்லை, வரிகளைப் பேசுகிறார். ஹான்காக் குழுவையே நிறுத்திவிட்டு, பியானோவை மட்டும் வைத்து அந்தப் பேச்சுக்குப் பின்னாலேயே போகிறார்.

அப்புறம் 2024இல் வந்த ‘மில்டன் + எஸ்பெரான்ஸா’. எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங் பாஸும் வாசிப்பார், பாடவும் செய்வார். 2008இல் தன் ஆல்பத்தை அதே ‘போன்டா டி ஆரியா’வில் தொடங்கியவர். மில்டன் 2022லேயே மேடையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆல்பம் வெளியானபோது அவருக்கு வயது 81. குரல் கரகரக்கிறது, சில இடங்களில் சுரம் கைக்கு எட்டுவதில்லை. இன்றைய ஸ்டூடியோவில் அதைச் சீர்செய்வது பெரிய காரியமே இல்லை. ஸ்பால்டிங் அப்படிச் செய்ததாகக் காதுக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை முன்னால் வைத்து, தன் குரலை அதற்குப் பக்கத்தில் மெலிதாக ஓட்டுகிறார். பால் சைமன், டயான் ரீவ்ஸ் என்று விருந்தாளிகளுக்கும் குறைவில்லை. ஒன்றிரண்டு பாட்டில் கூட்டம் கொஞ்சம் அதிகம், உண்மைதான். முடிவில் வருவது ஷார்ட்டரின் பாட்டு, பாடுவதில் அவர் மனைவி கரோலினாவும் உண்டு. ஷார்ட்டர் 2023 மார்ச்சில் காலமாகியிருந்தார். 2025 கிராமி விழாவில் மில்டனுக்கு முன்வரிசை மேசைகளில் இடம் கொடுக்கவில்லை என்று, ஸ்பால்டிங் அவர் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஒரு அன்பர் சீட்டு அனுப்பியிருக்கிறார், நம் ஆட்கள் இப்படி யாரும் போகவில்லையா என்று. லத்தீன் ஜாஸ் இல்லை, ஆனால் கேள்வி பொருந்தும். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவின் ‘கின்ஸ்மென்’, 2008. கத்ரி கோபால்நாத்தும் அவரும் இரண்டு ஆல்டோ சாக்ஸபோன், கன்யாகுமரி அம்மாவின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம். நடுநடுவே சின்னச் சின்ன ஆலாபனைகளும் வைத்திருக்கிறார். கர்நாடக வித்வான்களோடு நிறுத்தாமல், பாஸ் வாசிக்கும் கார்லோ டி ரோஸாவுக்கும் கிதார் வாசிக்கும் ரெஸ் அப்பாஸிக்கும் ஆளுக்கொன்று. பாஸ் ஆலாபனையை இப்போது போடுகிறேன். ஒலிபெருக்கியில் கீழ்ச்சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் பின்வரிசைக்குக் கேட்காது.