அப்பமா, உடலா? தமிழில் இல்லாத ஒரு வினைச்சொல்

[காட்சி: பிரிக்பீல்ட்ஸ், ஞாயிறு காலை. கோயில் வாசலில் குடும்பங்கள்.]

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் லூத்தரன் கோயில் இருக்கிறது, தமிழ் மெதடிஸ்ட் கோயிலும் இருக்கிறது. புடுவுக்குப் போனால் புனித அந்தோனியார் கோயிலில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடுவார்கள். இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உண்ட பந்தியில் அப்பத்தைக் கொடுத்து "இது என் உடல்" என்றார். அதன் நினைவாக மூன்றிலும் அப்பமும் திராட்சை ரசமும் உண்டு. நற்கருணை, திருவிருந்து, இராப்போஜனம் என்று பெயர்தான் மாறும்.

"அந்த அப்பம் நிஜமாகவே இயேசுவின் உடலா, இல்லை அடையாளமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: மிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

[காட்சி: கிண்ணம், தட்டு, அருகில்.]

கத்தோலிக்கப் பூசையில், தட்டில் ஒட்டிய துகளைக்கூட குருவானவர் கிண்ணத்துக்குள் துடைத்துவிடுவார். தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவார். மிஞ்சிய அப்பங்கள் நற்கருணைப் பேழைக்குள் போகும். பக்கத்தில் ஒரு விளக்கு அணையாமல் எரியும். அப்பத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாக மாறிவிட்டது, நிறமும் மணமும் சுவையும் அப்படியே இருக்கின்றன என்பது போதனை. 1215-இல் லாத்தரன் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) சொன்னதை 1551-இல் திரெந்து சங்கம் உறுதி செய்தது. அதனால் "பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்களேன்" என்று கேட்பதில் பயனில்லை. அங்கே கோதுமைதான் தெரியும் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

மெதடிஸ்ட் கோயிலில் சின்னச் சின்னக் குவளைகள், புளிக்காத திராட்சைச் சாறு. இந்தப் பழக்கத்துக்கு வழிவிட்டவர் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். 1869-இல் சாற்றைச் சூடாக்கி, புளிக்காமல் காக்க வழி கண்டார். ஆனால் சாற்றைப் பார்த்துவிட்டு "வெறும் அடையாளம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த 'வெறும்' எனக்கு உறுத்துகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி சகோதரர்கள் 1745-இல் திருவிருந்துக்கென்றே 166 பாடல்கள் வெளியிட்டார்கள். அப்பம் அப்பமாகவே இருந்தாலும், அந்தப் பந்தியில் கிறிஸ்து தம்மையே தருகிறார் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அவ்வளவு பாடமாட்டார்கள்.

[காட்சி: மேசையில் சுண்ணக்கட்டி எழுத்து.]

சரி, சண்டை எங்கே முற்றியது? 1529 அக்டோபரில், ஜெர்மனியின் மார்புர்க் கோட்டையில். லூத்தரன் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி லூத்தர் சுண்ணக்கட்டியால் மேசைமேல் லத்தீனில் எழுதினார்: "ஹோக் எஸ்ட் கார்ப்புஸ் மேயும்". இது என் உடல். 'எஸ்ட்' என்றால் 'இருக்கிறது' என்ற வினைச்சொல். எதிரே உட்கார்ந்திருந்த சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லிக்கோ, அது இங்கே 'குறிக்கிறது'. "நானே திராட்சைக் கொடி" என்றும்தானே இயேசு சொன்னார்? லூத்தரோ அப்பத்தில், அப்பத்தோடு, அப்பத்தின் கீழ் உடல் நிஜமாகவே இருக்கிறது என்றார். 15 விஷயங்களில் 14-இல் ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் பிரிந்துபோனார்கள்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். "இது என் உடல்." இதில் 'எஸ்ட்' எங்கே? வினைச்சொல்லே இல்லை! இயேசு பேசிய அரமேய மொழியிலும் இப்படிச் சொல்ல வினை தேவையில்லை. பழைய தமிழ் வேதாகமமோ கிரேக்க மூலத்தில் இருந்த வினையை விட மனமில்லாமல் "சரீரமாயிருக்கிறது" என்று எழுதியது. சின்ன வயதில் அதை "சரீரமாக ஆகிவிட்டது" என்றே நான் கேட்டேன்.

அதற்காக, இலக்கணம் தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நினைக்காதீர்கள். "இவன் என் பிள்ளை", "இவன் என் உயிர்": இரண்டுக்கும் வாக்கிய அமைப்பு ஒன்றுதான். எது எந்த வகை என்பது சொல்லும் அம்மாவுக்கும் கேட்கும் பிள்ளைக்கும் தெரியும். இயேசுவின் அந்தக் கடைசிப் பந்தியில் இருந்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் சபைகள் பிரிகின்றன.

[காட்சி: நற்கருணை வரிசை.]

கத்தோலிக்க நண்பரோடு புடுவுக்குப் போனால் இதை மட்டும் மனதில் வையுங்கள். குருவானவர் அப்பத்தை உயர்த்தி "கிறிஸ்துவின் உடல்" என்பார். அங்கேயும் வினைச்சொல் இல்லை. வாங்குபவர் "ஆமென்" என்பார், அதாவது "ஆம், உண்மை". அந்த ஆமெனைச் சொல்ல முடியாதவர் வரிசையில் நின்று கை நீட்ட வேண்டாம். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போங்கள், ஆசீர்வதித்து அனுப்புவார்.