பெயர் பத்துப் பேருக்கு இருக்கட்டும், பதிவு நம் பிள்ளைக்கு இருக்கட்டும்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மாலைத் திருப்பலியை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, ஊர்வகை நிர்வாகிகளே, தலைமை ஆசிரியை அவர்களே, கிராம சுகாதார செவிலியர் சகோதரி அவர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, பின் வரிசையில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாற்காலியும் ஒலிபெருக்கியும் பேரூராட்சித் தலைவர் தம் சொந்தப் பொறுப்பில் தந்தவை. கேட்ட அன்றே சரி என்றார். அவருக்கு நன்றி. நூலகர் அம்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் கதவைத் திறந்து, பெஞ்சுகளைத் துடைத்து, குழந்தைகள் படுக்க ஒரு மூலையில் பாய் விரித்து வைத்திருக்கிறார். ஜமாஅத் தலைவர் காலில் கட்டோடு வந்திருக்கிறார். வராமல் இருந்திருக்கலாம், வந்தார். அவர் உடல்நலம் பெற வேண்டும்.

எனக்குத் தந்த தலைப்பு, குழந்தைக்குப் பெயர் சூட்டுதல். நான்கு செய்திகள் குறித்து வந்திருக்கிறேன். ஒரே பெயர் பலருக்கு அமைவது ஒரு குறையா என்பது ஒன்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயர் மரபு இரண்டு. எண் கணிதம் பார்த்துப் பெயர் வைப்பது மூன்று. பதிவு நான்கு.

இந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்றால், நம் ஊர் இளம் தம்பதி ஒருவரிடமிருந்து. பெண் குழந்தை, ஏழு மாதம். வீட்டுக்கு வந்து கேட்டார்கள்: “சார், யாழினின்னு வைக்கலாம்னு இருந்தோம். இப்ப பார்த்தா எங்க தெருவிலேயே ரெண்டு யாழினி இருக்கு. அங்கன்வாடியில இன்னொண்ணு. மாத்திரவா?” சரி, இப்போது பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்றேன். “பாப்பா” என்றார்கள். பிறப்புச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். அதில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, தேதி, ஊர் எல்லாம் இருந்தது. குழந்தையின் பெயர் என்ற கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றி ஊரில் பேச வேண்டும் என்று தலைவரிடம் கேட்டேன்.

பெயர் பரவலாகிவிட்டதே என்ற கவலை நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்றோர் அரசுத் துறை, பிறக்கும் குழந்தைகளின் பெயர்களை வரிசைப்படுத்தி ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 1880 முதல் கணக்கு இருக்கிறது. அங்கே 1947இல் பிறந்த பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் லிண்டா. 1970 முதல் 1984 வரை விடாமல் முதலிடம் ஜெனிபருக்கு. இன்று அங்கே ஆண் பெயர்களில் முதலிடம் பிடிக்கும் பெயரே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. பெயர்கள் பெருகிப் பெருகி, முதலிடத்தில் உள்ள பெயர்கூட முன்னளவுக்குப் பரவலாக இல்லை. ஆனாலும் பெற்றோர் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தூக்கம் கெடுகிறார்கள். நம்மூர்ப் பட்டியல் அங்கன்வாடி வருகைப் பதிவேடுதான். அதைப் பார்த்து நாம் தூக்கம் கெடுகிறோம்.

நான் ஆசிரியராக இருந்தவன். விளவங்கோடு பக்கம் வேலை பார்த்தபோது என் வருகைப் பதிவேட்டில் ஆர். அஜின், எஸ். அஜின், டி. அஜின் என்று மூன்று பேர். அடுத்த வரிகளில் அபின், ஜெபின், சுஜின், பிஜின். இந்தப் பெயர்கள் எல்லாமே, யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்று யோசித்து, அப்பா பெயரில் ஓர் எழுத்து, அம்மா பெயரில் ஓர் எழுத்து எடுத்துக் கோத்து உண்டாக்கியவை. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக யோசித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் “அஜின்” என்று கூப்பிட்டால் ஐந்து தலைகள் திரும்பும். பிள்ளைகளுக்கு அதில் ஒரு துன்பமும் இல்லை. இன்னும் சொன்னால், அந்த மூன்று அஜின்களும் ஒரே பெஞ்சு, ஒரே கிரிக்கெட் அணி.

ஒரு கோயில் திருவிழாவில் நடந்ததைச் சொல்கிறேன். கடற்கரை ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். தேர்ப்பவனி நாள், கால் வைக்க இடமில்லாத கூட்டம். நான்கு வயதுப் பையன் ஒருவன் கொடிமரத்தடியில் அழுதுகொண்டு நின்றான். தூக்கிக்கொண்டு வந்து ஒலிபெருக்கி மேடையில் உட்கார வைத்தார்கள். “பேரு என்ன மக்கா?” “அந்தோணி.” “அப்பா பேரு?” “அப்பா.” “வீடு எங்கே?” “அங்கே.” கடலைக் காட்டுகிறான். சரி என்று அறிவித்துவிட்டார்கள்: அந்தோணி என்ற சிறுவன் இங்கே இருக்கிறான், பெற்றோர் உடனே மேடைக்கு வரவும்.

கடற்கரை ஊரில் அந்தோணி என்று அறிவித்தால் என்ன ஆகும், உங்களுக்குத் தெரியும். நாலா பக்கமும் இருந்து தாய்மார்கள் ஓடி வருகிறார்கள். ஒருத்திக்கு மூச்சு வாங்குகிறது, ஒருத்தி செருப்பைத் தொலைத்துவிட்டாள். ஒரு அம்மா தன் அந்தோணியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்து, “எம்பிள்ளைய காணல்லியே” என்று அழுகிறாள். பக்கத்தில் நின்றவர் சொன்ன பிறகுதான் இடுப்பைப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லோரும் பையனின் முகத்தைப் பார்ப்பதும், இவன் இல்லை என்று ஒரு கணம் நிம்மதி அடைவதும், அப்படியானால் என் பிள்ளை எங்கே என்று மறுபடி ஓடுவதும். பாட்டா ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, “நானும் அந்தோணிதாம்பிலே, என்னை யாரு தேடுதாவ?” என்று கேட்டார்.

கடைசியில் மேடைக்குக் கீழே கப்பலண்டி, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார். பையன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்து, மெதுவாகக் கேட்டார்: “மக்கா, உன்னை வீட்டுல என்ன சொல்லி விளிப்பாவ?” பையன் அழுகையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: “நெத்திலி.” ஒலிபெருக்கியில் உடனே, “நெத்திலியின் அம்மா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.” தேர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பெண் ஓடி வந்தார். பையன் தாவி அவர் தோளில் ஏறிவிட்டான்.

நம் பெரியவர்கள் சொல்வார்கள், தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்று. இந்தப் பழமொழியை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று நண்பர்கள் குறை சொல்வதுண்டு. இன்று இதை விட்டால் எனக்கு வேறு பழமொழி இல்லை. சொந்த ஊரில் நூறு அந்தோணி இருந்தாலும் நம் பிள்ளை தொலைய மாட்டான். மேலத்தெரு அந்தோணி, வள்ளக்கார அந்தோணி, நெத்திலி என்று ஊரே அடையாளம் வைத்திருக்கும். ஒரே பெயர் என்பது ஊருக்குள் ஒரு குறையே அல்ல.

அடுத்தது பெயர் மரபு. நம் மாவட்டத்தில் பெயர் என்பது பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுப்பது. சுசீந்திரத்துக் கோயிலால் தாணு, தாணுமாலயன். நாகர்கோவிலால் நாகராஜன், நாகம்மாள். முப்பந்தலால் இசக்கிமுத்து, இசக்கியம்மாள். மண்டைக்காட்டால் பகவதி. திருவட்டாறால் கேசவன். கோட்டாறு சவேரியாரால் சேவியர், சவரிமுத்து. தக்கலை சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவால் வீட்டுக்கு ஒரு பீர்முகம்மது. பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவுக்கு வீட்டில் இட்ட பெயர் சொரிமுத்து. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் வெறும் கிருஷ்ணன்தான். நாட்டில் எத்தனை கிருஷ்ணன்! நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன் என்று ஊரும் அப்பாவும் பக்கத்தில் நின்றதால் என்.எஸ்.கிருஷ்ணன் ஒருவர்தான். இந்தப் பெயர்களை வைத்தவர்கள், பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்று யோசித்ததில்லை. பக்கத்து வீட்டிலும் இருப்பதே பெருமை என்று நினைத்தார்கள்.

இதே மண்ணில் விரும்பிய பெயரை வைக்க முடியாத காலமும் இருந்தது. 1809இல் சாமித்தோப்பில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். இந்தச் சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளுமா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி ஆனது. அந்த முத்துக்குட்டியைத்தான் பிறகு ஐயா வைகுண்டர் என்று இந்த மாவட்டமே வணங்கியது. ஒரு பெயரைப் பிள்ளைக்கு வைப்பதற்கே மறுப்பு இருந்த ஊரில், இன்று எந்தப் பெயரையும் யாரும் வைக்கலாம். அந்த உரிமை கையில் இருக்கும்போது சான்றிதழில் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த மரபைப் பற்றி, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெயர்கள் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பதிவுக்கு வந்துவிடுகிறேன். எண் கணிதத்தை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

தன்னூருக்கு யானை என்பதில் இரண்டாம் பாதி இருக்கிறது அல்லவா? அயலூருக்குப் பூனை. நம் பிள்ளைகள் அயலூருக்குப் போகிறவர்கள். துபாய், குவைத், சவுதி, கப்பல் வேலை. அங்கே மேலத்தெரு என்றால் யாருக்கும் தெரியாது, நெத்திலி என்றால் யாருக்கும் தெரியாது. காகிதம்தான் தெரியும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவிலும் சுற்றுலா விசாவிலும் நுழைவு இல்லை என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் இருந்தால் போதும் என்று அப்புறம் விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை வீடுகளில் கலக்கம்! எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஒரு அஜின்தான், பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. பள்ளிச் சான்றிதழில் ஜே எழுத்து போட்டு அஜின், ஆதாரில் ஜி எழுத்து போட்டு அஜின், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பின்னால். வேலை தயாராக இருந்தது. காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சரிசெய்து முடிப்பதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விட்டான். அஜின் என்ற பெயர் வேறு இரண்டு பேருக்கு இருந்ததால் வந்த நஷ்டம் அல்ல இது.

முறை இதுதான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவு நடக்கும். இந்தச் சலுகைதான் நம்மைச் சோம்பேறி ஆக்குகிறது. பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை ஏறிய பெயரை நினைத்தபடி மாற்ற முடியாது, அரசிதழ் வரை போக வேண்டும். ஆகவே எழுத்துக்கூட்டலை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்து, தாளில் எழுதி, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள்.

இன்னொன்று. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அதுதான். நம் பிள்ளைகளின் தலைமுறைக்கு அந்த ஒரு தாள்தான் அடிப்படை. தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை. அந்தத் தாள் சரியாக இருந்தால் அயலூரிலும் நம் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும்.

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும், நாம் குடியிருக்கும் ஊரில் அல்ல. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்கு நம் பேரூராட்சியில் வந்து கேட்டால் கிடைக்காது. பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போனவர்களின் பதிவு கேரளத்தில் இருக்கும், அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் அலைந்து, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

அந்தத் தம்பதியிடம் யாழினி என்றே வைக்கச் சொன்னேன். தெருவில் மூன்றாவது யாழினியாக இருக்கட்டும். பக்கத்தில் அம்மா பெயரின் எழுத்தையும் அப்பா பெயரின் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வாசல் பக்க மேசையில் செவிலியர் சகோதரி உட்காருவார். தலைமை ஆசிரியையும் உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று காட்டுவார்கள். பிறப்புச் சான்றிதழ் நகலும் பெற்றோர் இருவரின் அடையாள அட்டையும் கொண்டு வந்திருந்தால் இன்றே எழுதி முடிக்கலாம். கொண்டு வராதவர்கள் நாளை காலை நூலகம் திறந்ததும் வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன். நன்றியுரை வரை காத்திருக்க வேண்டாம், கைக்குழந்தை உள்ளவர்கள் முதலில் போங்கள். பேனா நூலகர் அம்மாவிடம் இருக்கிறது. வணக்கம்.