அந்த எட்டாயிரம் ரூபாயை அவர் ஏன் மறைத்தார்?

வணக்கம். கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். வானம் இருட்டிக்கொண்டு நிற்கிறது, கரண்டும் இல்லை. படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ, இந்த நாவலைப் பற்றித்தான் இன்றைக்கு. அட்டை தெரிகிறதா? கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. உங்களில் பல பேர் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ‘ஸ்லோ பர்ன்’ வகைக் காதல் கதை. இரண்டு பேருக்கும் பிரியம் இருக்கிறது என்று நமக்கு ஐம்பதாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும், அவர்களுக்குத் தெரிய முந்நூறு பக்கம் ஆகும். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லித்தான் பேசப்போகிறேன். கதை தெரியாமல் படிக்க நினைப்பவர்கள் வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு, படித்த பிறகு வாருங்கள்.

நானும் ஒரு வங்கியில் கேஷியர். கதாநாயகியும் கேஷியர். அதனால் இந்தப் புத்தகத்தை நான் சும்மா ஒரு வாசகியாகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. அவள் நோட்டு எண்ணும்போது என் விரலும் சேர்ந்து எண்ணியது.

கதை பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கிளையில் நடக்கிறது. ஒரு மேனேஜர், ஒரு அதிகாரி, ஒரு கேஷியர், ஒரு கடைநிலை ஊழியர், அப்புறம் நகைக்கடன் நாளில் உரைகல்லோடு வந்து தங்கத்தை மதிப்பிடும் அப்ரைசர். அவ்வளவுதான் ஆட்கள். 2018 ஜூலையில் புது மேனேஜர் சேலத்திலிருந்து மாற்றலாகி வருகிறார். அந்த வருஷம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை 19-இல்தான் திறந்தார்கள். அணை திறந்தாலும் கல்லணைக்கு வந்து, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் இறங்கி, கடைமடைக்கு வந்து சேர நாளாகும். கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரும் பணம் கேட்பதற்கு முன்னால் “தண்ணி எங்க வருது?” என்று கேட்கிறார்கள். சேலத்துக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் அவருக்காகப் பதில் சொல்கிறாள். இவர்கள் முதலில் பேசிக்கொள்வதே ஆற்றுத் தண்ணீரைப் பற்றித்தான். இந்த ஊர்ப்பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

நம் குடும்ப நாவல்களில் எம்.டி.யும் பி.ஏ.வும் காதலித்த கதைகள் எத்தனையோ படித்திருக்கிறோம். அந்த ஆபீஸ்களில் யாராவது வேலை பார்த்து நான் பார்த்ததில்லை. அந்தக் கம்பெனி என்ன விற்கிறது என்பதே கடைசி வரை தெரியாது. இந்த நாவலில் முதல் பாதி முழுக்க வேலைதான். அந்த வேலைதான் இரண்டு பேரையும் பக்கத்தில் கொண்டுவருகிறது.

நகைக்கடன் நாள் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். விவசாய நகைக்கடனை ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீத வட்டிதான் என்று இருந்த காலம் அது. நாற்று விடப் பணம் வேண்டும் என்று காலையிலேயே பெண்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அம்மா கவுண்டர் முன்னால் நின்று தோட்டைக் கழற்றுகிறார். திருகாணி இறுகிப் போயிருக்கிறது, சுழற்றிச் சுழற்றி எடுக்கிறார். எடுத்ததும் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை எடுத்துக் காது ஓட்டையில் செருகிக்கொள்கிறார். வீட்டிலேயே ஒடித்துத் தயாராகக் கொண்டுவந்திருக்கிறார் பாருங்கள். அந்த நேரம் முழுக்க கேஷியர் தலையைக் குனிந்து லெட்ஜரில் எதையோ தேடுகிறாள். தேட ஒன்றும் இல்லை. அடுத்து வந்த பெண்ணுக்கும் அப்படியே செய்கிறாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் அதைக் கவனிக்கிறார். அவர் மனம் அவள் பக்கம் திரும்புகிற இடம் அதுதான். அவள் அழகைப் பற்றி அந்த அத்தியாயத்தில் ஒரு வரி கிடையாது. எனக்கு அப்படியே புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

வங்கியில் வேலை பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பணப்பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரி அல்லது மேனேஜரிடம், இன்னொன்று கேஷியரிடம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் திறக்க வேண்டும், சாயந்திரம் இரண்டு பேரும் எண்ணிப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். யாராவது லீவு என்றால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் சாவி கை மாறும். எனக்கு இது தினசரி வேலை. ஒரு எழுத்தாளர் இதைப் பார்த்து, அட, இரண்டு பேரைத் தினமும் இரண்டு தடவை ஒரு சின்ன அறைக்குள் நிற்க வைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்று நினைத்திருக்கிறாரே, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

கஜா புயல் அத்தியாயம் இந்தச் சாவியை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை, வேதாரண்யம் பக்கம் புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னந்தோப்புகள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கரண்டு இல்லை, போன் இல்லை. ஜனங்களுக்குக் கையில் காசு வேண்டும். மேனேஜர் டீசலுக்கு அலைந்து ஜெனரேட்டரை ஓட வைத்துவிட்டார். சிக்னல் வந்தால் பணம் கொடுக்கலாம், ஆனால் பெட்டியைத் திறக்க அவள் சாவி வேண்டும். அவள் கிராமத்திலிருந்து வரும் ரோட்டில் முழுக்க மரம். வேறு ஆளிடம் சாவியைக் கொடுத்தனுப்பவும் கூடாது. அவர் வாசலில் நிற்கிறார். வெளியே பாஸ்புக்கோடு கூட்டம். மத்தியானம் தாண்டி அவள் வருகிறாள். சேலை முழங்கால் வரை சேறு, ஒரு செருப்பு அறுந்து கையில் இருக்கிறது. அவளைப் பார்த்ததும் என்ன சொல்லப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். “சாவி இருக்கா மேடம்?” என்று கேட்கிறார். “இருக்கு சார்” என்கிறாள். உள்ளே போய்த் திறக்கிறார்கள். அன்றைக்கு முழுக்கப் பணம் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்த இடத்தில் இரண்டு பேரும் சரிசமம். அவர் மேனேஜர்தான், ஆனாலும் அவள் வராமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாலும் அவர் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. இதுவரை புத்தகம் எனக்கு ரொம்ப ரொம்பப் பிடித்தது.

சரி, இப்போது மார்ச் மாதம். என் மனசு இந்தப் புத்தகத்தோடு சண்டை போட ஆரம்பித்தது இங்கேதான்.

2019 மார்ச் 30, சனிக்கிழமை. ஐந்தாவது சனி என்பதால் வங்கி உண்டு. மறுநாள் 31 ஞாயிறு. அரசு வரவு செலவு பார்க்கும் கிளைகளை ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி அறிவித்திருந்த வருஷம் அது. அதைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயந்திரம் கேஷ் எண்ணினால் எட்டாயிரம் குறைகிறது. அப்போது புழக்கத்தில் இருந்த 2000 ரூபாய் நோட்டு, புதுசாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், யாருக்கோ நான்கு நோட்டு கூடப் போயிருக்கிறது. குறைந்தால் கேஷியர்தான் கைக்காசு போட்டுச் சரிக்கட்ட வேண்டும். மாசக் கடைசி, அவளிடம் பணம் இல்லை. மறுபடி எண்ணுகிறாள், வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். மேனேஜர் டீ குடிக்கப் போவதாக வெளியே போய் ஏ.டி.எம்.மில் தன் கணக்கிலிருந்து பணம் எடுத்துவந்து, அவள் வவுச்சர் பக்கம் திரும்பியிருக்கும்போது கட்டுக்குள் செருகிவிடுகிறார். அப்புறம் அவரே மெஷினில் போட்டு எண்ணிக் காட்டி, “சரியா இருக்கே மேடம், நீங்கதான் தப்பா எண்ணியிருக்கீங்க” என்கிறார்.

படித்தவுடன் எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க மாட்டேன். ஒரு மனுஷன் வெளியில் சொல்லாமல் இப்படி உதவி செய்தால் யாருக்குத்தான் மனசு இளகாது? அதைவிட, அந்தப் பக்கத்தில் மேனேஜர் கை நடுங்குவதை எழுதியிருக்கிற விதம் அவ்வளவு அழகு.

ஆனால் அடுத்த அத்தியாயத்தைப் படியுங்கள். அவள் ஒவ்வொரு கட்டையும் மூன்று தடவை எண்ண ஆரம்பிக்கிறாள். வரிசை நீள்கிறது. ஆட்கள் சத்தம் போடுகிறார்கள். ராத்திரி தூக்கத்தில் எண்ணுகிறாள். ஒரு கேஷியருக்குத் தன் எண்ணிக்கை மேல் சந்தேகம் வந்துவிட்டால் அந்தக் கவுண்டரில் உட்காரவே முடியாது. நான் சொல்கிறேன், எங்களுக்கு இருக்கிற ஒரே பலம் அதுதான். நீ எண்ணியது தப்பு என்று அவர் சொன்னது பொய். அவள் எண்ணியது சரி, பணம்தான் குறைந்தது. இந்தப் பொய்யால் அவள் படுகிற பாட்டை எழுத்தாளர் அவ்வளவு நன்றாக எழுதிவிட்டு, அதற்குக் காரணம் யார் என்பதைக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய டைரியிலிருந்து அந்த ஏ.டி.எம். சீட்டு விழுந்து அவளுக்கு உண்மை தெரியும்போது அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுகிறாள், அவரைக் கடவுள் மாதிரி பார்க்கிறாள். காதல் உறுதியாகிற இடம் இதுதான் என்று புத்தகம் சொல்கிறது.

“மேடம், எட்டாயிரம் குறையுது, நான் தரேன், அப்புறம் திருப்பிக் கொடுங்க” என்று நேராகச் சொல்லியிருந்தால் என்ன? அது கடன். அவள் வாங்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். சொல்லாமல் செய்ததால் அந்த வாய்ப்பே அவளுக்கு இல்லாமல் போயிற்று. கேஷ் குறைந்ததைக் கணக்கில் காட்டாமல் விட்டது தெரிந்தால், கூடவே பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அவள் வேலைக்கும் ஆபத்து.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்கும் காட்சியும் அப்படித்தான். அவளுக்குச் சேர வேண்டிய லீவு, அவர் கையெழுத்துப் போடுகிறார். அதற்கு இரண்டு பக்கம் நன்றி. அவர் தப்பான ஆள் என்று நான் சொல்லவில்லை. விருப்பமில்லாத பெண்ணை மேலதிகாரி தொந்தரவு செய்தால் கேட்க 2013-இல் வந்த சட்டம் இருக்கிறது. இந்தக் கதையில் அப்படி எதுவும் இல்லை, அவளுக்கும் விருப்பம்தான். ஆனாலும் லீவும் கவுண்டர் மாற்றமும் ஒருவர் பேனாவில் இருக்கும்போது, அவர் காட்டும் கருணை எது, காதல் எது என்று அவளால் எப்படிப் பிரிக்க முடியும்? முதல் பாதியை எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது.

முடிவில் அவருக்கு மாற்றல் வருகிறது. அதன் பிறகுதான் மனசைத் திறந்து பேசுகிறார். மாற்றல் ஆர்டர் தானாக வந்தது என்பதுதான் என் குறை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போய், இனி நான் உங்கள் மேனேஜர் இல்லை என்று வந்து நின்றிருந்தால், முந்நூறு பக்கம் காத்திருந்ததற்கு அர்த்தம் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் என்ன சாதி என்று புத்தகம் வாயே திறக்கவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி எது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டிய விதத்தை எழுதியிருக்கலாம், கேள்வியே வராத மாதிரி எழுதியது எனக்கு ஒட்டவில்லை.

படிக்கலாமா என்று கேட்டால், கட்டாயம் படியுங்கள். கஜா அத்தியாயம் மாதிரி ஒன்றைத் தமிழில் காதல் கதைகளில் நான் படித்ததில்லை. நான் மறுபடியும் படிப்பேன். ஆனால் மார்ச் மாதத்தை நான் மன்னிக்கவில்லை. உங்களில் கேஷ் கவுண்டரில் உட்காருகிறவர்கள் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள், உங்கள் கட்டுக்குள் ஒருவர் சொல்லாமல் எட்டாயிரத்தை வைத்துவிட்டு, நீங்கள்தான் தப்பாக எண்ணினீர்கள் என்றால், பிறகு உண்மை தெரியும்போது அவரிடம் என்ன கேட்பீர்கள்?