மேயர் இல்லாத ஊர்களின் மன்றம்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவான மான்ட்கோமரி கவுண்டியில் பெதஸ்தா, சில்வர் ஸ்பிரிங், ஜெர்மன்டவுன் என்று எழுபதாயிரம், எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர் வாழும் ஊர்கள் இருக்கின்றன. இவற்றுள் எதற்கும் மேயர் கிடையாது, நகரமன்றமும் கிடையாது. ராக்வில், கெய்தர்ஸ்பர்க், டகோமா பார்க் போன்ற சில இடங்கள் மட்டுமே தனி நகராட்சிகளாக இருக்கின்றன. மற்ற ஊர்களுக்குக் காவல்துறை, தீயணைப்பு, நூலகம், பேருந்து, வாடகை வீட்டின் தரம் பற்றிய ஆய்வு ஆகிய அனைத்தையும் ராக்விலில் அமர்ந்திருக்கும் கவுண்டி அரசே நடத்துகிறது. 2020 கணக்கெடுப்பின்படி 10 லட்சத்து 62 ஆயிரம் பேர் வாழும் இந்தக் கவுண்டியின் மன்றத்தில் உறுப்பினர்கள் 11 பேர். வாஷிங்டனில் அமெரிக்கப் பேராயம் என்ன செய்கிறது என்பதை நாள்தோறும் தொலைக்காட்சியில் பார்க்கும் நம்மில் பலருக்கு, நம் வீட்டு வாடகையையும் நம் தெருவின் இரைச்சலையும் முடிவுசெய்யும் அந்தப் பதினொருவரில் இருவர் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாது. அந்த மன்றம் எப்படி முடிவெடுக்கிறது, எடுத்த முடிவு வாக்கெடுப்புக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

1948 வரை இந்தக் கவுண்டிக்கான உள்ளூர்ச் சட்டங்களையும் மாநிலத் தலைநகரான அனாபொலிஸில் இருந்த சட்டமன்றமே இயற்றி வந்தது. அந்த ஆண்டு மேரிலாந்திலேயே முதலாவதாக மான்ட்கோமரி தனக்கென ஒரு சாசனத்தை ஏற்று, தன் சட்டத்தைத் தானே இயற்றும் உரிமையைப் பெற்றது. மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகத் தலைவர் என்ற பதவி 1970-இல் வந்தது. மன்றத்தில் ஒன்பது உறுப்பினர்களே இருந்த நிலையை 2020 தேர்தலில் வாக்காளர்கள் மாற்றினார்கள். 2022 முதல் ஏழு பேர் தொகுதிவாரியாகவும் நான்கு பேர் கவுண்டி முழுவதற்குமாகவும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆகவே இங்கே வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும் மன்றத்தில் ஐந்து பிரதிநிதிகள் உண்டு.

மசோதா ஒன்று அறிமுகமானதும் அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்படும். பிறகு மன்றக் குழுவொன்று வரிவரியாக அதை ஆராயும். அதன் பின்னரே முழு மன்றத்தில் வாக்கெடுப்பு. நிர்வாகத் தலைவர் கையொப்பமிடலாம், மறுக்கலாம். மறுத்தால் ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து அந்த மறுப்பைத் தள்ளிவிட முடியும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்கள்தாம். ஆனால் அங்கே பேசக் குடியுரிமை வேண்டியதில்லை. வேலை விசாவில் பல ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து, வாடகை வழியாகவோ நேரடியாகவோ சொத்து வரியைச் சுமந்து, வாக்குச்சீட்டை மட்டும் கண்ணால் கண்டிராத நம்மவர் பலருக்கு, இந்த அரசின் முன் பேசக் கிடைக்கும் முறையான வாய்ப்பு அந்த இரண்டு நிமிடங்கள்தாம்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த மன்றத்தின் நடைமுறை முழுவதும் அந்த ஒரு சட்டத்தின் வரலாற்றில் தெரிகிறது. 2023-இல் இரண்டு மசோதாக்கள் ஒன்றுக்கொன்று போட்டியாக வந்தன. ஒன்று, ஆண்டு வாடகை உயர்வை ஏறத்தாழ 3 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொன்னது. மற்றொன்று, விலைவாசி உயர்வுக்கு மேல் 8 சதவீதம் வரை அனுமதிக்கலாம் என்றது. குடியிருப்போர் ஒரு பக்கமும் கட்டட உரிமையாளர்கள் மறு பக்கமுமாக மன்றத்தை நிறைத்தார்கள். இறுதியில் ஜூலை 18 அன்று ஏழுக்கு நான்கு என்ற வாக்கில் நிறைவேறிய சட்டம் இரண்டுக்கும் இடைப்பட்டதாக அமைந்தது: விலைவாசி உயர்வோடு 3 சதவீதம், அல்லது 6 சதவீதம், இவற்றுள் எது குறைவோ அதுவே உச்சவரம்பு. புதிய கட்டடங்களுக்கு 23 ஆண்டுகள் விலக்கு அளிக்கப்பட்டது. கட்டுமானம் நின்றுபோனால் வீட்டுத் தட்டுப்பாடு மேலும் பெருகும் என்ற எதிர்த்தரப்பு வாதத்துக்கு மன்றம் கொடுத்த விடை அந்த விலக்கு. அந்த விடை போதுமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இதில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறியது, வாக்கெடுப்புக்குப் பிந்திய ஓராண்டை. உரிமையாளர் கூரையை மாற்றினால் அந்தச் செலவில் எவ்வளவை வாடகையில் ஏற்றலாம், நியாயமான வருமானம் என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பன போன்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் விதிமுறைகளை நிர்வாகம் எழுத வேண்டியிருந்தது. அவை மன்றத்தின் ஒப்புதலைப் பெற்று நடைமுறைக்கு வந்த நாள் 2024 ஜூலை 23. இடைப்பட்ட காலத்தில் சட்டம் ஏட்டில் இருந்தது. உச்சவரம்பு எவரையும் கட்டுப்படுத்தவில்லை. மசோதா நாளில் மன்றத்துக்கு வந்து முழங்கியவர்களில் எத்தனை பேர் விதிமுறை எழுதப்பட்ட மாதங்களில் அந்த வரைவைப் படித்துக் கருத்து அனுப்பினார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. உரிமையாளர்களின் வழக்கறிஞர்கள் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ராக்வில், கெய்தர்ஸ்பர்க் நகராட்சிகளின் எல்லைக்குள் இந்தச் சட்டம் தானாகச் செல்லாது. ஒரே சாலையின் இரு பக்கங்களில் இருவேறு வாடகை விதிகள் இருக்கக்கூடும் என்பதை, வீடு தேடும் நண்பர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் அறிந்துகொள்வது நல்லது.

சட்டம் இயற்றியவர்களே அதன் பிழையை ஆண்டுகள் கழித்துத் திருத்துவதும் உண்டு. 1974-இல் நடைமுறைக்கு வந்த மிதவிலை வீட்டுச் சட்டம் இதற்குச் சான்று. அன்றைய நிர்வாகத் தலைவரின் மறுப்பையும் மீறி மன்றம் நிறைவேற்றிய இச்சட்டம், 50-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டும் நிறுவனம் அவற்றில் 15 சதவீதத்தை நடுத்தர வருவாயினருக்கு எட்டும் விலையில் தர வேண்டும் என்றது. ஈடாக, அதே நிலத்தில் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதி தந்தது. பறிப்பதோடு நில்லாமல் கொடுக்கவும் செய்ததால் அது நீதிமன்றத்திலும் சந்தையிலும் தாக்குப்பிடித்தது. நாடெங்கும் பல ஊராட்சிகள் அதைப் பார்த்துத் தம் சட்டங்களை எழுதிக்கொண்டன. கட்டப்படும் அந்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கிக்கொள்ளும் உரிமை கவுண்டியின் வீட்டுவசதி ஆணையத்துக்கு வழங்கப்பட்டதால், மிகக் குறைந்த வருவாயுள்ள குடும்பங்களும் வசதியான பகுதிகளில், நல்ல பள்ளிகளுக்கு அருகில் குடியேற முடிந்தது. ஆனால் தொடக்கத்தில் விலைக் கட்டுப்பாடு ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே இருந்தது. ஆறாம் ஆண்டில் அந்த வீட்டைச் சந்தை விலைக்கு விற்றுவிடலாம்; அப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் கைநழுவின. பின்னர் வந்த மன்றங்கள் அதைப் பத்து ஆண்டுகளாக்கி, 2005-இல் விற்பனை வீடுகளுக்கு 30, வாடகை வீடுகளுக்கு 99 ஆண்டுகள் என்று நீட்டின. நல்ல நோக்கமுள்ள ஒரு சட்டத்தில் ஒரே ஓர் எண் தவறினால் என்ன இழப்பு நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை. மிதவிலை வீட்டுச் சட்டத்தை இயற்றிய அதே தலைமுறையினர்தாம் 1980-இல் கவுண்டியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை, அதாவது 93,000 ஏக்கரை, வேளாண் காப்பு நிலமாக்கி 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று வரையறுத்தவர்கள். இன்றைய வீட்டு விலைக்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு. ஆயினும் பூல்ஸ்வில் பக்கம் சோளக்கொல்லைகள் எஞ்சியிருப்பது அதனால்தான்.

மன்றம் ஒன்றை நினைக்க, மக்கள் வேறொன்றை நினைப்பதும் நிகழும். 2010-இல் பொருளாதார நெருக்கடியின் நடுவே, ஆம்புலன்சில் மருத்துவமனைக்குச் செல்வோரின் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டணம் வசூலிக்கும் சட்டத்தை மன்றம் இயற்றியது. கட்டணத்துக்கு அஞ்சி மக்கள் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கத் தயங்குவார்கள் என்று தன்னார்வத் தீயணைப்போர் எதிர்த்தார்கள், கையொப்பங்கள் திரட்டினார்கள். கவுண்டிச் சாசனம் வாக்காளர்களில் ஐந்து சதவீதத்தினரின் கையொப்பத்தோடு ஒரு சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு இழுக்க இடம் தருகிறது. அந்த நவம்பரில் வாக்காளர்கள் சட்டத்தைத் தோற்கடித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012-இல், மன்றம் அதே நோக்கமுள்ள சட்டத்தை மீண்டும் இயற்றியது. 2013 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கவுண்டிவாசிகள் தம் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை. காப்பீடு தருவது தரட்டும், மீதம் அவர்கள் ஏற்கெனவே செலுத்திய வரியில் அடங்கியதாகக் கொள்ளப்படும் என்பது ஏற்பாடு. காப்பீட்டு நிறுவனம் செலுத்த வேண்டிய பணத்தை வரி செலுத்துவோர் தலையில் ஏன் வைக்க வேண்டும் என்ற மன்றத்தின் கேள்வி நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் வாக்காளர் வேண்டாம் என்றதை இரண்டே ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்த முறை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒரு திட்டம் சரியானது என்ற நம்பிக்கை, அதை மக்களிடம் மறுபடி விளக்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவித்துவிடாது.

கவுண்டியின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதைச் சில நேரம் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியார் வீட்டுப் புல்வெளிகளில் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தடுக்கும் சட்டம் 2015-இல் நிறைவேறியது. மாநிலச் சட்டத்தோடு மோதுகிறது என்று 2017-இல் கீழ்நீதிமன்றம் தனியார் நிலத்தைப் பொறுத்து அதைச் செல்லாததாக்கியது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டிச் சட்டத்தை மீட்டது. உணவகங்களில் புகைபிடிப்பதை 2003 அக்டோபரில் கவுண்டி தடுத்தது; மாநிலம் அதே முடிவுக்கு வர 2008 பிப்ரவரி ஆயிற்று. மாநிலம் தயங்கும் இடத்தில் கவுண்டி முன்னே செல்வது இங்கே புதிதன்று.

சேவைகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சொத்து வரியும் வருமான வரியும். சிறு பகுதி மதுவிலிருந்தும் வருகிறது. மதுவிலக்கு நீங்கிய 1933 முதல் இந்தக் கவுண்டியில் மது மொத்த விற்பனை அரசின் கையில்தான் இருக்கிறது. விஸ்கி, பிராந்தி போன்றவற்றைப் புட்டியில் விற்கும் கடைகளும் கவுண்டியுடையவையே. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. அந்தக் கடைகளின் ஒழுங்கைப் பார்த்தால்தான் வியப்பார்கள்.

தடைச் சட்டங்களுக்கு வருகிறேன். 2012 ஜனவரி முதல் கடைப் பைக்கு ஐந்து சென்ட் வாங்கப்பட்டது. அதில் நான்கு சென்ட் நீர்நிலைத் தூய்மை நிதிக்குப் போனது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2026 ஜனவரி முதல் கடைகள் நெகிழிப் பை கொடுப்பதே தடுக்கப்பட்டு, காகிதப் பைக்குப் பத்து சென்ட் ஆக்கப்பட்டிருக்கிறது. மெதுவாகச் சென்ற இந்தப் பாதையை நான் குறை சொல்ல மாட்டேன். பழக்கம் மாற அவகாசம் வேண்டும். பெட்ரோலில் ஓடும் இலை ஊதி இயந்திரங்களின் விற்பனை 2024 ஜூலை 1 முதலும் அவற்றைப் பயன்படுத்துவது 2025 ஜூலை 1 முதலும் தடை செய்யப்பட்டன. இரைச்சலாலும் புகையாலும் முதலில் பாதிக்கப்படுபவர் அந்த இயந்திரத்தை நாள் முழுதும் முதுகில் சுமக்கும் தொழிலாளிதான். ஆனால் மின்கலத்தில் ஓடும் இயந்திரமும் மாற்று மின்கலங்களும் வாங்கும் செலவும், ஒரு வீட்டை முடிக்க ஆகும் கூடுதல் நேரமும், இரண்டு மூன்று பேரை வைத்துத் தோட்ட வேலை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்தக்காரர் மேல் விழுகின்றன. பழைய இயந்திரத்தை மாற்றுவோருக்குக் கவுண்டி பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அந்த உதவி ஆங்கில அறிவிப்போடு நின்றால் பெரிய நிறுவனங்களே அதைப் பெறும். ஸ்பானியம் பேசும் தொழிலாளரைத் தேடிச் சென்று சொன்னால்தான் சிறியவருக்கும் கிடைக்கும். இந்தச் சட்டத்தை எடைபோட நான் பார்ப்பது, உதவி பெற்றவர் பட்டியலில் அந்தச் சிறு ஒப்பந்தக்காரர் இருக்கிறாரா என்பதை.

இவை அனைத்தையும் தீர்மானிக்கும் இடம் நிதிநிலை அறிக்கை. மார்ச் 15-க்குள் நிர்வாகத் தலைவர் அதை மன்றத்தின் முன் வைக்க வேண்டும். ஜூன் 1-க்குள் மன்றம் ஒப்புதல் தர வேண்டும். ஜூலை 1 அன்று நிதியாண்டு தொடங்குகிறது. ஆண்டுக்கு 700 கோடி டாலரைத் தாண்டும் அந்தத் தொகையில் ஏறத்தாழப் பாதி பள்ளிகளுக்குச் செல்கிறது. பள்ளிக் குழு தனியே தேர்ந்தெடுக்கப்பட்டாலும் வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. எனவே பிள்ளைகளின் வகுப்பில் ஆசிரியர் குறைவு என்று பள்ளிக் குழுவிடம் மட்டும் முறையிடுவது பாதி வேலைதான். 1975-இல் சில்வர் ஸ்பிரிங்கில் தொடங்கிய கவுண்டிப் பேருந்து 2025 ஜூன் இறுதியிலிருந்து அனைவருக்கும் கட்டணமில்லாமல் ஓடுகிறது. பெருந்தொற்றின்போது நிறுத்திய கட்டணம் மீண்டும் ஒரு டாலராக வந்து, பின்னர் அதுவும் போயிற்று. இதற்கெல்லாம் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட வேண்டும். ஒதுக்கீடு சுருங்கினால் கட்டணம் வராவிட்டாலும் பேருந்து வரும் இடைவெளி நீளும், நூலகம் திறந்திருக்கும் நேரம் குறையும், வாடகை வீட்டு ஆய்வாளரின் மேசையில் புகார்கள் குவியும். எந்தச் சட்டத்தையும் திருத்தாமலே அதைச் செயலிழக்கச் செய்ய ஒரு பணியிடத்தை நிரப்பாமல் விட்டால் போதும். ஏப்ரல் மாதத்தில் நடக்கும் நிதிநிலைக் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குப் பெயர் பதிந்து வாருங்கள். உங்கள் கோரிக்கை எந்தத் துறையின் எந்தச் செலவினத்தைச் சார்ந்தது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மே மாத நடுவில் மன்றம் எண்களை முடிவு செய்யத் தொடங்கிய பிறகு அனுப்பும் மின்னஞ்சல், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும்.