முக்கோணத்தின் மூன்றாவது பக்கம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"ரசிகர்கள் எழுதும் மாயாஜாலக் கலப்புக் கதைகளில் முக்கோணக் காதலைத் தாங்கி நிற்பது காதலா, போட்டியாளர் இருவருக்குள் இருக்கும் உறவா?" இதுதான் இன்றைய தலைப்பு. பிறர் படைத்த உலகத்தை வைத்து ரசிகர்கள் எழுதுவது ஃபேன் ஃபிக்ஷன், வேறுவேறு கதைகளின் ஆட்களை ஒரே கதைக்குள் சேர்த்தால் அது கலப்பு, அதாவது கிராஸ்ஓவர். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி காதல்தான் என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார். "வாசகர் கதையைத் திறப்பதே நாயகி யாரைக் கைப்பிடிக்கப் போகிறாள் என்று பார்க்கத்தான். அந்த இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்துக்கொண்டால் நமக்கென்ன?" என்று கேட்டார், கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், அழகாகப் பேசினால் தட்டத்தானே வேண்டும். ஆனால் நடுவர் அவர்களே, கதையைத் திறக்க வைப்பது எது என்று மட்டுமே அவர் சொன்னார். படித்து முடித்தபின் ராத்திரி தூக்கம் வராமல் புரள வைப்பது எது? அதைப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னர் கதையை எடுத்துக்கொள்கிறேன். "அது பெரிய இலக்கியமாயிற்றே, ஃபேன் ஃபிக்ஷன் எங்கே வந்தது?" என்று எதிரணியில் ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். இறக்கிக்கொள்ளுங்கள் ஐயா, சொல்கிறேன். 1136ஐ ஒட்டி ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்பவர் ஆர்தரின் வரலாற்றை லத்தீனில் எழுதியபோது அதில் லான்சலாட் என்று ஓர் ஆளே கிடையாது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து கிரெட்டியான் த த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர், மரீ என்ற சீமாட்டிக்காக எழுதிய கதையில்தான் ஆர்தரின் வீரனான லான்சலாட், ஆர்தரின் மனைவி அரசி குவினெவியரின் காதலனாகிறான். அடுத்தவர் கட்டிய உலகம், புதிதாக நுழைத்த காதலன், "இப்படி எழுதிக்கொடு" என்று கேட்ட ஒரு வாசகி. கடைசிப் பகுதியைக்கூட அவர் எழுதவில்லை, வேறொருவர் எழுதி முடித்தார். பாதியில் விட்டுப்போகும் பழக்கம் உட்பட எல்லா லட்சணமும் பொருந்தி வருகிறதா இல்லையா?

கலப்பு எங்கே என்பீர்கள். டிரிஸ்டன் கதை முதலில் தனிக்கதை. தாய்மாமன் மார்க் மன்னனுக்குப் பெண் அழைத்துவரப் போனவன், மாயமருந்தைக் குடித்து அந்தப் பெண் ஈசோல்டையே காதலித்துவிடுகிறான். இவனை 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைக்காரர்கள் ஆர்தரின் வீரர்கள் கூடும் வட்டமேசையில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அப்புறம் என்ன, இரண்டு முக்கோணங்களும் ஒரே கதைக்குள். 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட தாமஸ் மேலோரியின் நூலில், ஓடிவந்த டிரிஸ்டனும் ஈசோல்டும் தங்குவது லான்சலாட் கொடுத்த ஜாயஸ் கார்ட் கோட்டையில்! கிராஸ்ஓவர் என்றால் இதுதானே?

இப்போது வழக்குக்கு வருகிறேன். கிரெட்டியான் கதையில் ஒரு காட்சி. கடத்தப்பட்ட அரசியைத் தேடி லான்சலாட் போகிறான். வழியில் ஒரு குள்ளன் வண்டி ஓட்டி வருகிறான். குற்றவாளிகளை ஏற்றி ஊரெல்லாம் காட்டும் அவமான வண்டி அது. ஏறினால் அரசி போன வழி தெரியும், ஆனால் மானம் போகும். இரண்டே இரண்டு அடி தயங்கிவிட்டு ஏறுகிறான். அவ்வளவு பாடுபட்டு மீட்கப் போனவனை அரசி முகம் கொடுத்துப் பார்க்க மறுக்கிறாள். பிறகு காரணம் தெரிகிறது: அந்த இரண்டு அடி! காதலைப் பற்றி எழுதியதில் எனக்குப் பிடித்த இடங்களில் இது ஒன்று, எதிரணிக்கு இலவசமாகவே தருகிறேன். ஆனால் அந்தக் கதையைப் படித்து யாராவது அழுதிருக்கிறார்களா? புன்னகைப்போம், அவ்வளவுதான். ஏன்? ஆர்தர் அதில் ஓரமாக நிற்கும் ஆள். லான்சலாட்டுக்கும் அவருக்கும் நடுவே உடைவதற்கென்று ஒன்றும் இல்லை.

மேலோரியிடம் வாருங்கள். அங்கே ஆர்தர் லான்சலாட்டை நேசிக்கிறார். லான்சலாட்டுக்கு வீரப்பட்டம் தந்த கை அவருடையது. விஷயம் வெளியே வந்து போர் மூள்கிறது. ஆர்தரின் படை ஜாயஸ் கார்டை முற்றுகையிடுகிறது. லான்சலாட்டின் உறவினன் போர்ஸ் மன்னரைக் குதிரையிலிருந்து தள்ளி, வாளை உருவிக்கொண்டு, "முடித்துவிடட்டுமா?" என்று கேட்கிறான். லான்சலாட் தடுக்கிறான். தானே இறங்கி, மன்னரைத் தூக்கிக் குதிரையில் ஏற்றிவிடுகிறான். தன்னைக் கொல்ல வந்தவரை! குதிரைமேல் உட்கார்ந்து அவனைப் பார்த்த ஆர்தருக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வருகிறது. நடுவர் அவர்களே, இந்தக் காட்சியில் குவினெவியர் இல்லை. ஆனால் முக்கோணத்தின் மொத்தக் கனமும் இங்கேதான் இருக்கிறது.

ஆர்தரே வாய்விட்டுச் சொல்லியும்விட்டார். அரசியை இழந்ததைவிட என் வீரர்களை இழந்ததற்குத்தான் அதிகம் வருந்துகிறேன், அரசிகள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள், இப்படி ஒரு கூட்டம் இனி ஒருபோதும் சேராது என்கிறார். பெண்கள் வரிசையிலிருந்து முறைப்பு வருகிறது. நியாயம்தான், எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கட்டிய மனைவியைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? ஆனால் பாத்திரத்தின் வாய்மொழியாகவே சாட்சி கிடைக்கும்போது விடுவேனா?

எதிரணி வசதியாக மறக்கும் இன்னொருவர் இருக்கிறார்: மேலோரி நூலில் வரும் வீரர் பாலமிடீஸ். இவரும் ஈசோல்டைக் காதலிக்கிறார், ஆனால் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரணிக் கணக்குப்படி, காதல் இல்லாத இடத்தில் கதையும் இருக்கக் கூடாது. இருக்கிறதே! ஒரு நீரூற்றில் தன் முகத்தைப் பார்க்கிறார் பாலமிடீஸ். நிறம் போய், வாடி, அடையாளமே தெரியாத முகம். அங்கேயே படுத்து ஈசோல்டைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுகிறார், அந்த வழியாக வந்த டிரிஸ்டன் காதில் அது விழுகிறது. சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. கடைசியில் என்ன ஆகிறது தெரியுமா? பாலமிடீஸ் திருமுழுக்குப் பெறும்போது ஞானத்தந்தையாக நிற்பது டிரிஸ்டன்! ஈசோல்ட் கிடைக்கவில்லை, ஆனால் அந்த உறவு ஒரு முடிவுக்கு வந்துசேர்ந்தது.

எங்கள் அணியின் பிரம்மாஸ்திரம் கலஹோ. லான்சலாட்டின் மகன் கலஹாட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைக் கதையில் இந்தக் கலஹோ ஆர்தர்மேல் படையெடுத்து வருகிறான். எதிர்ப்பக்கம் கருங்கவசத்தோடு போரிடும் லான்சலாட்டைப் பார்த்ததும் மனம் அவனிடம் போய்விடுகிறது. "என்னோடு தங்கு, எது கேட்டாலும் தருகிறேன்" என்கிறான். லான்சலாட் கேட்டது, ஜெயிக்கும் தறுவாயில் ஆர்தரிடம் சரணடைய வேண்டும் என்று. சரணடைந்தான்! அதோடு விட்டானா? அரசியையும் லான்சலாட்டையும் சந்திக்கவைத்து முதல் முத்தத்துக்கு ஏற்பாடு செய்தவனும் அவனே. பின்னால் லான்சலாட் இறந்தான் என்ற பொய்ச் செய்தியைக் கேட்டு ஏங்கியே செத்துப்போனான். அந்தக் கதையில் லான்சலாட்டை எங்கே புதைத்தார்கள்? அரசியின் பக்கத்தில் என்றா நினைக்கிறீர்கள்? கலஹோவின் கல்லறையில்.

மணி அடித்துவிட்டது. நடுவர் ஐயா, ஒரே ஒரு நிமிடம். இன்றைய எழுத்தாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். 2009இல் தொடங்கி, 2019இல் அறிவியல் புனைவு, மாயாஜாலப் படைப்புகளுக்கான ஹ்யூகோ விருது வாங்கிய ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதை இணையதளத்தில் கதை போடுகிறவர், காதல் உறவு என்றால் இரண்டு பெயருக்கு நடுவே சாய்கோடு போடுவார், நட்பு என்றால் 'அண்ட்' குறி (&) போடுவார். ஒருத்திக்கு இரண்டு பேர் என்பதை இரண்டு தனி ஜோடிகளாகவும் போடலாம், மூன்று பெயரையும் சாய்கோட்டால் கோத்து ஒரே உறவாகவும் போடலாம். இந்த இரண்டாவது வகைக்குக் காதலர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசியே ஆக வேண்டும். அங்கே நாயகி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே கிடையாது. அப்படியிருக்க, "யாரைக் கைப்பிடிப்பாள்" என்ற எதிரணியின் கேள்வி அந்தக் கதைக்குள் எந்த வாசலால் நுழையும்?

ஆகவே அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பருக்கு ஒரு வேலை தருகிறேன். ஆர்தருக்கும் லான்சலாட்டுக்கும் ஒருவரையொருவர் சுத்தமாகப் பிடிக்காது என்று வைத்துக்கொண்டு, அந்த முற்றுகைக் காட்சியை இந்த மேடையில் சொல்லிக் காட்டட்டும். மன்னர் கீழே கிடக்கிறார், போர்ஸின் கையில் வாள். லான்சலாட் ஏன் தடுக்க வேண்டும்? காதலை மட்டும் வைத்துப் பார்த்தால், போர்ஸ் கேட்ட கேள்விக்கு "முடித்துவிடு" என்பதுதானே அவனுக்கு லாபமான பதில்? தடுத்ததற்குக் காரணத்தை அவர் சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.