நல்லவாடு கேட்ட குரல்

(கடலூரில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘உலக நாடுகளின் கூட்டு முயற்சி வெல்வது அரசுகளின் ஒப்பந்தங்களாலா, மக்களின் விழிப்புணர்வாலா?’ ‘மக்களின் விழிப்புணர்வாலே’ என்ற அணியில் பேசிய உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணிப் பெரியவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு மஞ்சக்குப்பத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “தெருக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்றே தெரியாமல் குடத்தோடு நிற்கிறவருக்கு, ஐ.நா. சபையில் என்ன பேசினார்கள் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அதைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறது, விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், ஒப்பந்தம் இருக்கிறது” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

‘தானே’ புயலை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. 2011 டிசம்பர் 30, காலை நேரம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த பலா மரமும் அப்பா வைத்த முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தமிழ்ச் சொல் போலவே ஒலிக்கும் அந்தப் பெயரைக் கொடுத்தது மியான்மர். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ‘ஃபெஞ்சல்’ சவுதி அரேபியா கொடுத்த பெயர். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வரும் புயல்களுக்கு 13 நாடுகள் சேர்ந்து பெயர்ப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. அதில் இந்தியாவும் உண்டு, பாகிஸ்தானும் உண்டு. அந்த நாடுகளுக்கெல்லாம் புயல் பற்றிய தகவலை அனுப்பும் மையம் நம் டெல்லியில் இருக்கிறது. ஐயா, நம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன காற்றின் பெயரிலேயே உலக விவகாரம் இருக்கிறது. குடத்தோடு நிற்கும் அந்த மனிதரின் வீட்டுக் கூரையும் அதில் போனதுதான்.

“சரி, அதுவும் ஒப்பந்தம்தானே?” என்பீர்கள். ஆமாம். 1970-ல் இன்றைய வங்கதேசக் கரையில் அடித்த புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு, 1972-ல்தான் நாடுகள் கூடி வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்காக ஒரு குழு அமைத்தன. ஆனால் அதோடு நின்றிருந்தால் வங்கதேசத்தில் அடுத்த புயலிலும் லட்சக்கணக்கில்தான் செத்திருப்பார்கள். அங்கே செம்பிறைச் சங்கத்தோடு, அதாவது அந்த நாட்டின் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து ஊருக்கு ஊர் தொண்டர்களைத் திரட்டினார்கள். கையில் ஒலிபெருக்கி, கொடி. இன்றைக்கு 76,000 பேருக்கு மேல், அதில் பாதிப் பேர் பெண்கள். 2020-ல் ஆம்பன் புயல் வந்தபோது இருபது லட்சத்துக்கும் அதிகமானோரை வீட்டை விட்டுக் கிளப்பிப் பத்திரமான இடத்தில் சேர்த்தார்கள். அங்கே இறந்தவர்கள் நூறு பேரைக்கூட எட்டவில்லை. செயற்கைக்கோள் படம் டெல்லியிலிருந்து வரலாம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “அக்கா, மாட்டை அவிழ்த்து விடு, பிள்ளையைத் தூக்கு” என்று சொல்ல ஒரு பெண் வேண்டும். அவளுக்கு அந்தப் படம் என்ன சொல்கிறது என்று புரிந்திருக்கவும் வேண்டும்.

நான் தேவனாம்பட்டினத்துப் பெண். இன்று பள்ளியில் புவியியல் சொல்லித் தருகிறேன். 2004 டிசம்பர் 26 பற்றி இந்த மேடையில் பேசாமல் என்னால் இறங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலுக்கு அடியில் நிலம் நடுங்கியபோது நம் மணி காலை 6.29. பதினைந்தே நிமிடத்தில், ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் அறிக்கையை அனுப்பிவிட்டது. பசிபிக் நாடுகளுக்கு அனுப்பியது. அந்தக் கடலுக்கு 1960-களிலிருந்தே நாடுகளின் கூட்டு எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. நம் கடலுக்கு எதுவுமே இல்லை. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு நடந்தே போய்த் திரும்பியிருக்கலாம். அந்த நேரத்தில் என் அத்தை கரையில் மீன் ஏலத்துக்குக் காத்திருந்தார். பையன்கள் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். அத்தையும் போனார்.

இப்போது புதுச்சேரிக்கு வாருங்கள். இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் நல்லவாடு. மீனவக் கிராமம்தான், நம் ஊரைப் போலவே கடலை ஒட்டிய ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலநடுக்கம், பேரலை என்று அங்கே செய்தி கேட்டதும் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டிலிருந்தவர்கள் சொன்னார்கள். உடனே எல்லாரும் ஊரை விட்டு ஓடுங்கள் என்றார். அங்கே ஊர்மக்களுக்குத் தகவல் சொல்லும் கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. அதன் ஒலிபெருக்கியில் ஊர்க்காரர்களே அறிவித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஊர் மக்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்த இடத்தில் எதிரணி என்னை மடக்கப் பார்க்கலாம். அந்த அறிவு மையம் எப்படி வந்தது? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய திட்டம் அது. கனடா நாட்டின் வளர்ச்சி ஆராய்ச்சி மையம் துணை நின்றது. பக்கத்து வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்திலிருந்து அலை உயரத்தை எடுத்துத் தினமும் கரையில் அறிவித்தார்கள். கனடாப் பணம், அமெரிக்கத் தகவல், சிங்கப்பூர்த் தொலைபேசி. இதைவிடப் பெரிய சர்வதேசக் கூட்டுறவு எது? நான் மறுக்கவே இல்லை, ஐயா. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எந்த ஒப்பந்தமும் சிங்கப்பூரிலிருந்து அழைக்கவில்லை. உலகத்தில் ஓரிடத்தில் நடப்பது இன்னோரிடத்தில் தன் வீட்டு வாசலுக்கு வரும் என்று புரிந்துகொண்ட ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை அழைத்தார். சொன்னதும் மைக்கைக் கையில் எடுக்கவும், கேட்டதும் ஓடவும் பழகிய ஓர் ஊர் இங்கே இருந்தது. நல்லவாட்டுக்கும் என் அத்தைக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தோனேசியாவில் சிமலூ என்று ஒரு தீவு. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகே இருந்தது. அங்கே 1907-ல் ஒரு பேரலை வந்திருக்கிறது. அதைப் பாட்டிமார் கதையாகவும் பாட்டாகவும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் ஆடினால், கடல் உள்ளே போனால், மேட்டுக்கு ஓடு. 2004-ல் ஏறக்குறைய 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழே பேர். தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு வாரம் முன்புதான் வகுப்பில் புவியியல் பாடத்தில் சுனாமி படித்திருந்தாள். அவளால் அந்தக் கரையிலிருந்த சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்தை நடத்தும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. என் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியும்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரர், “உலக உதவி என்று வருவதெல்லாம் பெரிய நாடுகளின் லாபக் கணக்கு, நமக்கு எதற்கு?” என்றார். கோபம் நியாயமானது. தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் தரவேண்டும் என்று 1970-லேயே ஐ.நா.வில் தீர்மானம் போட்டார்கள். பெரும்பாலான பணக்கார நாடுகள் இன்று வரை அதை எட்டவில்லை. ஒப்பந்தம் எழுதியிருக்கிறது, ஐயா, பணம் வரவில்லை! பிறகு யார் கேட்பது? 1998 மே மாதம் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றார்கள். அவர்கள் வாங்கிய கடன் அல்ல அது, வேறு நாட்டு மக்கள் தலையில் இருந்த கடன். அடுத்த ஆண்டே அந்தத் தலைவர்கள் கடன் குறைப்பை விரிவாக்க ஒப்புக்கொண்டார்கள். நம் கடலுக்கு ஏன் எச்சரிக்கை ஏற்பாடு இல்லை என்று 2004-க்கு முன்னால் நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? இப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாதவர்கள் எப்படிக் கேட்போம்?

சோற்றுக்கு வருகிறேன். இன்று மதியம் உங்களில் பலர் பொன்னி அரிசிச் சோறுதான் சாப்பிட்டிருப்பீர்கள். பொன்னி என்றால் காவிரி, நம்முடையது என்று நினைக்கிறோம். அந்த ரகத்தின் ஒரு வழி தைவானிலிருந்து வந்தது, இன்னொரு வழி மலாயாவிலிருந்து. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு ஒடிசாவின் கட்டாக்கில் நடத்திய நெல் ஒட்டுத் திட்டத்தில் இரண்டும் கலந்து, மலேசியாவில் ‘மசூரி’ என்று பெயர் பெற்று, திரும்ப இந்தியா வந்தது. வந்த இடத்தில் கதிர் சாய்கிறது என்று ஆய்வில் கழித்துவிட்டார்கள். ஆந்திரத்தில் ஒரு பண்ணைத் தொழிலாளி கொஞ்சம் விதையைத் தன் ஊருக்கு எடுத்துப்போய் விதைத்தார். அங்கிருந்து வயல் வயலாகப் பரவி நாட்டில் முன்னணி ரகங்களில் ஒன்றானது. அந்த வழியில் பிறந்ததுதான் நம் வெள்ளைப் பொன்னி. நாடுகள் கூடி உண்டாக்கின. கழித்துப் போட்டதைக் காப்பாற்றியது கூலிக்கு வேலை பார்த்த ஒருவரின் கை.

இன்று நம் கடலுக்கும் எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007-ல் ஹைதராபாத்தில் தொடங்கினார்கள். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் தகவல் தருகின்றன. யுனெஸ்கோ அதோடு நிற்கவில்லை. சுனாமிக்குத் தயாரான ஊர் என்று ஒரு சான்று வைத்திருக்கிறது. ஒடிசாவில் இரண்டு கிராமங்கள் 2020-ல் அதைப் பெற்றன. அதற்குக் கருவி மட்டும் போதாது. ஊர்க்காரர்களுக்குத் தப்பும் வழி தெரிய வேண்டும், பயிற்சி நடக்க வேண்டும், பள்ளியில் சொல்லித்தர வேண்டும். உங்கள் அணி நம்பும் அந்த உலக அமைப்பே எங்கள் அணியின் வாதத்தை விதியாக எழுதி வைத்திருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. ஒன்றே ஒன்று, முடித்துக்கொள்கிறேன்.

நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள். 2015-ல் ஐ.நா. அறிவித்தது. போன வருடம் அன்றைக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக மேட்டுப் பக்கம் வேகமாக நடக்க வைத்துப் பழக்கினேன். வழியில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், “எங்கம்மா இந்தப் பிள்ளைங்கள இப்படி ஓட்டிக்கிட்டுப் போற?” என்றார். சொன்னேன். உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து இந்த நாளை வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் கூடையை மூடினார். “இத்தனை நாடு கூடிப் பேசினது நல்லதுதான். சைரன் ஊதினா எந்தப் பக்கம் ஓடணும்னு எங்கிட்ட இதுவரைக்கும் யாரும்மா சொன்னாங்க?” என்று கேட்டார்.

கூடையின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பிடித்தான். பாட்டி எங்களோடு நடந்து வந்தார். மேடு வரை பதினான்கு நிமிடம் ஆனது. நன்றி, வணக்கம்.